பார்த்ததையும் படித்ததையும் சக ரசிகருக்குச் சொல்வது எப்படி

"செம சீரிஸ், வேற லெவல், மிஸ் பண்ணிடாதீங்க." ரசிகர்கள் கூடுகிற எந்த இடத்திலும் இந்த வரியை அடிக்கடி பார்க்கலாம். எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆனால் படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. என்ன மாதிரிக் கதை, எவ்வளவு நீளம், சிரிக்க வைக்குமா தூக்கத்தைக் கெடுக்குமா, முடிந்துவிட்டதா அல்லது பாதியில் தொங்குகிறதா, எதுவும் தெரியாது. ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார், நல்ல படைப்பு ஒன்று அவரைத் தொடாமலே போய்விடும். எனக்கு இது நிஜமாகவே வருத்தம் தருகிற விஷயம். ஏனென்றால் நான் மிகவும் நேசிக்கிற நாவல்களில் பாதி, யாரோ ஒருவர் சரியான விதத்தில் எடுத்துச் சொன்னதால்தான் என் கைக்கு வந்தன.

நீங்கள் ஒரு ரசிகர் வட்டத்துக்குப் புதியவர் என்றால், சமீபத்தில் ரசித்ததைச் சொல்ல ஆசையும் இருக்கும், எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் இருக்கும். விமர்சகராக இருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும்: பரிந்துரைக்கும்போது நாம் எதிரில் இருப்பவரிடம் அவருடைய நேரத்தைக் கேட்கிறோம். 'பிரேக்கிங் பேட்' மொத்தம் 62 எபிசோட். அதைப் பாருங்கள் என்று சொல்வது, கிட்டத்தட்ட 50 மணி நேரத்தைக் கொடுங்கள் என்று கேட்பது. அணு உலை விபத்தைப் பற்றிய 'செர்னோபில்' ஐந்தே எபிசோட், ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல்கள், எழுதி முடிக்கவே 2014 முதல் 2020 வரை ஆனது. இந்த மூன்றுக்கும் ஒரே "மிஸ் பண்ணிடாதீங்க" எப்படிப் பொருந்தும்? இவ்வளவு கேட்கிறோம் என்றால், அவர் யோசித்து முடிவெடுக்கத் தேவையானதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

முதல் படி: ஒரு நாள் பொறுத்து, எது பிடித்தது என்று கண்டுபிடியுங்கள்

முடித்த அன்று இரவே எழுதாதீர்கள். கடைசி எபிசோடின் சூட்டில் எல்லாமே மகத்தானதாகத் தெரியும், முதல் நூறு பக்கம் இழுவையாக இருந்தது மறந்தே போயிருக்கும். மறுநாள் உட்கார்ந்து உங்களையே கேளுங்கள்: எந்த இடத்தில் என்னால் நிறுத்த முடியாமல் போனது? வேறு வேலை செய்யும்போது எந்தக் காட்சி தானாக நினைவுக்கு வருகிறது?

இதற்கு முதலில் வருகிற பதில் பெரும்பாலும் பொதுவானதாக இருக்கும். "கதை நல்லா இருந்தது", "நடிப்பு சூப்பர்". அதோடு விட்டுவிடாமல் இன்னும் இரண்டு முறை ஏன் என்று கேளுங்கள். ஒரு துப்பறியும் நாவலை முடித்தபோது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சஸ்பென்ஸ்தான் பிடித்தது என்று நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் குற்றவாளி யார் என்று பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அப்புறமும் விடிய விடியப் படித்திருக்கிறேன். ஏன்? விசாரிக்கிற இரண்டு பேர் முதலில் ஒருவரையொருவர் சகிக்க முடியாமல் இருந்து, மெல்ல மெல்ல, வாய்விட்டுச் சொல்லாமலே நண்பர்கள் ஆகிறார்கள். நான் தேடித் தேடிப் படித்தது அதைத்தான். அப்படியானால் அந்த நாவலைப் புதிர்ப் பிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் ஏமாந்துபோவார். நட்புக் கதை பிடித்தவரிடம், அவர் துப்பறியும் கதை பக்கமே வராதவராக இருந்தாலும், தைரியமாகக் கொடுக்கலாம்.

ரசனையில் பல வகை இன்பங்கள் இருக்கின்றன, அவற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். புதிர் அவிழ்கிற இன்பம் ஒன்று. வேறொரு உலகத்துக்குள் குடியிருக்கிற இன்பம் வேறு, அங்கே கதை மெதுவாகப் போனாலும் கவலை இல்லை. வேலை தெரிந்தவர்கள் தங்கள் வேலையைச் செம்மையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் இன்பம் உண்டு, மருத்துவமனைக் கதைகளும் விண்வெளிக் கதைகளும் பலருக்குப் பிடிப்பது இதனால்தான். கூர்மையான பேச்சுக்காகவே பார்ப்பது, வாக்கியங்களின் அழகுக்காகவே படிப்பது, நன்றாக அழுவதற்காகப் படிப்பது, எல்லாம் உண்டு. ஜானர் பெயரைவிட இது பல மடங்கு உதவும். "சயின்ஸ் ஃபிக்‌ஷன்" என்ற ஒரே சொல்லின் கீழ் இவை அத்தனையும் இருக்கலாம் அல்லவா?

இரண்டாவது படி: யாருக்குச் சொல்கிறீர்கள்?

ஒரு தனி ஆளுக்குச் சொல்கிறீர்கள் என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சமீபத்தில் ஆசையாக முடித்தது எது? பாதியில் விட்டது எது, எந்த இடத்தில் விட்டீர்கள்? இப்போது கனமான எதையாவது தாங்குகிற மனநிலை இருக்கிறதா, இல்லை லேசாக ஏதாவது வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். பிடித்ததைப் பற்றிக் கேட்டால் பலரும் எல்லோரும் சொல்வதையே சொல்வார்கள். பாதியில் விட்டது ஏன் என்று கேட்டால் உண்மையான ரசனை வெளியே வரும். "அத்தனை பேரும் கெட்டவர்களாக இருந்தார்கள், யாருக்காகக் கவலைப்படுவது என்றே தெரியவில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவருக்கு எதைச் சொல்லக் கூடாது என்பது அந்த ஒரு வரியில் தெளிவாகிவிடுகிறது.

மூன்றாவது கேள்வியை நான் மிகத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு தோழிக்கு நாவல் ஒன்றைக் கொடுத்தேன். பிரமாதமான நாவல், அவருடைய ரசனைக்கு அச்சாகப் பொருந்துவது. அதில் ஒரு தந்தை இறப்பது மிக நுணுக்கமாக, பக்கம் பக்கமாக வரும். அவருடைய அப்பா போய் மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு அது தெரியும், ஆனால் புத்தகத்தின் மேல் இருந்த ஆசையில் அதை யோசிக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து, "இப்போது எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்காமல் கனமான எதையும் யாரிடமும் நான் நீட்டுவதில்லை.

ஒரு கூட்டத்துக்கே பொதுவாகச் சொல்கிறீர்கள் என்றால் இப்படிக் கேட்க முடியாது. அப்போது, "இது இன்னின்னாருக்குப் பிடிக்கும், இன்னின்னாருக்குப் பிடிக்காது" என்று நீங்களே எழுதிவிடுங்கள். பிடிக்காதவர்களைப் பற்றிச் சொல்லும் பாதியை விட்டுவிடாதீர்கள், படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருவதே அங்கேதான்.

மூன்றாவது படி: அடிப்படைத் தகவல்கள்

அலுப்பாகத் தோன்றும், ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். எத்தனை சீசன், ஒரு சீசனுக்கு எத்தனை எபிசோட், ஒரு எபிசோட் அரை மணியா ஒரு மணியா? நாவல் என்றால் எத்தனை பக்கம், தனி நாவலா, வரிசையில் ஒன்றா?

அப்புறம், முடிந்துவிட்டதா என்பது. 'டார்க்' என்ற ஜெர்மன் சீரிஸ் 2017-இல் தொடங்கி 2020-இல் மூன்று சீசன், 26 எபிசோடுகளோடு முழுமையாக முடிந்துவிட்டது, எனவே அதை நிம்மதியாக ஆரம்பிக்கலாம். மாறாக 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரிஸுக்கு மூலமான நாவல் வரிசையில் முதல் நாவல் 1996-இல் வந்தது, ஐந்தாவது 2011-இல் வந்தது, ஆறாவதுக்கு வாசகர்கள் அதற்குப் பிறகு காத்துக்கொண்டே இருக்கிறார்கள். சீரிஸோ 2019-லேயே 73 எபிசோடுகளில் தன் வழியில் முடிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு படிக்கத் தொடங்குகிறவருக்கு அந்த ஐந்து நாவல்களும் பெரிய விருந்து. தெரியாமல் தொடங்கியவர் ஐந்தாவதின் கடைசிப் பக்கத்தில் நம்மைத்தான் நினைத்துக்கொள்வார். ஒரே சீசனோடு நிறுத்தப்பட்ட சீரிஸையும் தாராளமாகச் சொல்லலாம், கடைசியில் கதை முடிச்சிட்டு நிற்கிறதா, இல்லை அந்தரத்தில் விடுகிறதா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சரி.

மொழியைச் சொல்லுங்கள். 'டார்க்' போன்ற ஒன்றை டப்பிங்கில் பார்ப்பதைவிட ஜெர்மன் ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி, நடிகர்களின் சொந்தக் குரலில் இருக்கும் இறுக்கம் டப்பிங்கில் தளர்ந்துவிடுகிறது. 2024-இல் வந்த 'ஷோகன்' பத்து எபிசோடுகளில் பெரும்பகுதி உரையாடல் ஜப்பானிய மொழியில்தான். கைவேலை பார்த்துக்கொண்டே காதால் கேட்கலாம் என்று நினைப்பவருக்கு அது ஒத்துவராது, எழுத்தைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு நாவலுக்கும் இதே கதைதான். எந்த மொழிபெயர்ப்பில் படித்தீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள், ஒரே நாவலின் இரண்டு மொழிபெயர்ப்புகள் இரண்டு வேறு புத்தகங்களைப் போல இருப்பதுண்டு.

எங்கே ஆரம்பிப்பது என்பதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் தருகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவரை ஒரு ரசிகர் காப்பாற்றக்கூடிய இடம் இது. எல்லாவற்றையும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இல்லை. 'பிளாக் மிரர்' எபிசோடுகள் பெரும்பாலும் தனித்தனிக் கதைகள். ஆனால் அதன் முதல் எபிசோடு பலரை முகம் சுளிக்க வைத்து அங்கேயே திருப்பி அனுப்பிவிடும், அதைப் பார்த்துவிட்டு மீதியைத் தொடாதவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோடான 'சான் ஜூனிபெரோ'வில் தொடங்கச் சொல்லுங்கள், அது மென்மையானது. டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் 41 நாவல்கள். 1983-இல் வந்த முதல் நாவலில் ஆசிரியர் இன்னும் தன் நடையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதனால் பழைய வாசகர்கள் பலரும் நான்காவதான 'மோர்ட்' அல்லது எட்டாவதான 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலைத்தான் புதியவர் கையில் கொடுப்பார்கள். 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 178 எபிசோட். அதைப் பார் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யார் பார்ப்பார்கள்? "இரண்டாவது சீசனில் 'த மெஷர் ஆஃப் எ மேன்' என்று ஒரு எபிசோடு இருக்கிறது, ஒரு இயந்திர மனிதனுக்குத் தன் உடல் மேல் உரிமை உண்டா என்று வழக்கு நடக்கும், அதை மட்டும் பாருங்கள், பிடித்தால் மேற்கொண்டு பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். முக்கால் மணி நேரம் கொடுக்க யாரும் தயங்க மாட்டார்கள்.

"மூன்றாவது சீசனிலிருந்து நன்றாக இருக்கும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் பழக்கம் ரசிகர்களிடம் உண்டு. முப்பது மணி நேரத்தை யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எதைத் தாண்டலாம், தாண்டியதில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்று நான்கு வரியில் சொல்லிவிடுங்கள்.

நான்காவது படி: கதையை எதுவரை சொல்வது

எனக்கு ஒரு கணக்கு உண்டு. சீரிஸ் என்றால் முதல் எபிசோடின் முதல் பாதி, நாவல் என்றால் முதல் முப்பது நாற்பது பக்கம். அதற்குள் நடப்பதை மட்டும் சொல்லலாம். யார், எங்கே, என்ன சிக்கலில் மாட்டுகிறார், இரண்டு மூன்று வாக்கியம், முடிந்தது. பின்னட்டையில் இருக்கிறதே, டிரெய்லரில் காட்டிவிட்டார்களே என்று அதற்கு மேல் போகாதீர்கள். பின்னட்டை எழுதுகிறவர்கள் சில நேரம் பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள், அது நமக்கும் அனுமதி ஆகாது.

ஸ்பாய்லர் என்றால் க்ளைமாக்ஸைச் சொல்வது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். "கடைசியில் ஒரு ட்விஸ்ட் வரும் பாருங்க" என்பதும் ஸ்பாய்லர்தான். அதைக் கேட்டவர் கதைக்குள் போகவே மாட்டார், ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வெளியிலேயே நிற்பார். "அந்த நான்காவது எபிசோடுக்கு ரெடியா இருங்க" என்பதும், "அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சா, ஐயோ பாவம்" என்பதும் அதே வகை. "முதல் முறை பார்ப்பதற்கும் இரண்டாம் முறை பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்" என்று சொன்னாலே கூர்மையான ஆள் பாதியை ஊகித்துவிடுவார்.

லண்டனில் 1952-இல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'த மவுஸ்டிராப்' நாடகத்தில், முடிவில் நடிகர்களே பார்வையாளர்களிடம் இரகசியத்தை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு நாள் அரங்கில் உட்கார்ந்தவர்களும் அடுத்த நாள் வரப்போகிறவருக்காக வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இதற்கு எதிர்வாதமும் வரும். கலிஃபோர்னியாவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சிறுகதை படித்தவர்கள் அதைக் கூடுதலாக ரசித்ததாகத் தெரியவந்தது, அதைக் காட்டி "ஸ்பாய்லர் எல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை" என்பார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் நேர் எதிரான முடிவும் உண்டு. அது எப்படியோ போகட்டும். முடிவைத் தெரிந்துகொண்டு படிக்கலாமா வேண்டாமா என்பதை வாசகர்தான் முடிவு செய்ய வேண்டும். தெரிந்துகொண்டு படிக்க விரும்புபவர் கேட்டால் தாராளமாகச் சொல்லலாம், கேட்காதவரிடமிருந்து அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டால் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை.

முழுக் கதையையும் பேச ஆசையாக இருந்தால், தலைப்பிலேயே "ஸ்பாய்லர் உண்டு, இரண்டாவது சீசன் முடிவு வரை" என்று எழுதிவிட்டுப் பேசுங்கள். "ஸ்பாய்லர்" என்று மட்டும் போட்டால் போதாது. எதுவரைக்குமான ஸ்பாய்லர் என்று சொன்னால்தான், இரண்டாவது சீசன் முடித்தவரும் பேச்சில் சேரலாம், முதல் சீசனில் இருப்பவரும் விலகிப் போகலாம்.

ஐந்தாவது படி: முன்னெச்சரிக்கை

கதையை மறைக்க வேண்டும், ஆனால் காயப்படுத்தக்கூடியதை மறைக்கக் கூடாது. இரண்டும் மோதுவது போலத் தோன்றும், பழகினால் எளிதுதான். என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள், யாருக்கு நடக்கிறது, எப்போது நடக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். "குழந்தை ஒன்றின் மரணம் வருகிறது", "பாலியல் வன்முறை உண்டு, காட்டப்படுவதில்லை, பேசப்படுகிறது", "தற்கொலை பற்றிய பகுதி இருக்கிறது" என்ற அளவு போதும். விலங்குகள் துன்புறுவதைப் பலரால் பார்க்க முடியாது. 'செர்னோபில்' நான்காவது எபிசோடில், கதிர்வீச்சுப் பகுதியில் கைவிடப்பட்ட வளர்ப்பு விலங்குகளைச் சுடுவதற்கு ஆட்கள் அனுப்பப்படுவார்கள். நாய் வளர்ப்பவர்களிடம் நான் இதை எப்போதும் எபிசோடு எண்ணோடு சொல்லிவிடுவேன், இந்த இடத்தில் எண் சொல்வது தேவைதான், ஏனென்றால் அவர்கள் அந்தக் காட்சிகளைத் தாண்டிவிட்டு மீதியைப் பார்க்கலாம்.

அந்த சீரிஸைச் சொல்லும்போது இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். உண்மை நிகழ்ச்சியை வைத்து எடுத்தவற்றில் எது கற்பனை என்று தெரிந்தால் சொல்லிவிடுவது நல்லது. அதில் வரும் உலானா கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானி உண்மையில் இருந்தவர் கிடையாது. விசாரணையில் பங்கெடுத்த பல விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம் என்று சீரிஸின் முடிவில் அவர்களே சொல்கிறார்கள்.

ஆறாவது படி: ஒரு குறையையாவது சொல்லுங்கள்

குறையே இல்லை என்றால் நீங்கள் இன்னும் முதல் நாள் சூட்டில் இருக்கிறீர்கள் என்று பொருள், திரும்பவும் முதல் படிக்குப் போங்கள். குறையைச் சொன்னால் ஆள் பயந்து ஓடிவிடுவார் என்ற பயம் வேண்டாம். "நடுவில் ஐம்பது பக்கம் கப்பல் கட்டுமானம் பற்றியே போகும்" என்று சொன்னால், அந்த ஐம்பது பக்கம் வரும்போது அவர் "ஓ, இதுதானா" என்று தாண்டிப் போவார். சொல்லாமல் விட்டால் அங்கேயே புத்தகத்தை மூடிவைப்பார். அதே குறை இன்னொருவருக்கு ஈர்ப்பாகவும் இருக்கலாம், கப்பல் கட்டுமானம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

ஒப்பிடுவது பற்றி ஒரு வார்த்தை. "அது பிடிச்சா இதுவும் பிடிக்கும்" என்பது பயனுள்ள வாக்கியம்தான், எதனால் என்பதையும் சேர்த்தால். இரண்டிலும் டிராகன் வருகிறது என்பது ஒப்பீடு ஆகாது. "அதில் குடும்பத்துக்குள் நடக்கும் அதிகாரப் போட்டி பிடித்திருந்தால் இது பிடிக்கும், போர்க்காட்சிகளுக்காகப் பார்த்திருந்தால் இதில் ஒன்றும் இல்லை" என்று எழுதினால்தான் ஒப்பீடு. எல்லோரும் கொண்டாடுகிற ஒன்றோடு ஒப்பிட்டு "அதைவிட மேல்" என்று மட்டும் எழுதாதீர்கள். படிப்பவர் அதன்பின் உங்கள் பரிந்துரையை விட்டுவிட்டு எது மேல் என்ற சண்டையில் இறங்கிவிடுவார்.

ஏழாவது படி: நாவலும் திரையும் ஒன்று இல்லை

நாவலிலிருந்து சீரிஸ் வந்திருந்தால், எதைச் சொல்கிறீர்கள் என்று முதல் வரியிலேயே தெளிவாக்குங்கள். ஒரே பெயரில் எத்தனை இருக்கின்றன பாருங்கள். லியூ சிக்ஸினின் 'த்ரீ பாடி' நாவலிலிருந்து 2023-இல் சீனாவில் 30 எபிசோடுகளாக ஒரு சீரிஸ் வந்தது, 2024-இல் நெட்ஃபிளிக்ஸில் எட்டு எபிசோடுகளாக இன்னொன்று. முந்தையது நாவலை ஒட்டியே நிதானமாக நடக்கிறது, பிந்தையது பாத்திரங்களையும் ஊரையும் மாற்றி வேகமாக ஓடுகிறது. பெயரை மட்டும் சொன்னால் கேட்டவர் எதைத் திறப்பார் என்று நமக்குத் தெரியாது.

எவ்வளவு மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் தொடங்கிய 'ஃபவுண்டேஷன்' சீரிஸில் தன்னையே பிரதி எடுத்து ஆண்டுகொண்டிருக்கும் பேரரசர்கள்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி, ஐசக் அசிமோவின் நாவல்களில் அப்படி யாரும் இல்லை. அந்தப் பேரரசர்களுக்காக நாவலைத் தேடிப் போகிறவர் திகைத்துப்போவார். நாவலை நேசிப்பவரும் "இது என்ன" என்று கேட்பார். "சீரிஸைத் தனிப் படைப்பாகப் பாருங்கள்" என்று முன்கூட்டியே ஒரு வரி போட்டுவிட்டால் இரண்டு பேரையும் காப்பாற்றலாம்.

எதை முதலில் என்று கேட்டால், கதையின் முடிச்சுதான் முக்கியம் என்றால் நாவலை முதலில் படிக்கச் சொல்வேன், ஊரும் உடையும் முகங்களும் பழக்கமில்லாத உலகம் என்றால் திரையில் பார்த்துவிட்டுப் படிக்கச் சொல்வேன், பெயர்கள் மனதில் நிற்பது எளிதாக இருக்கும்.

இனி எல்லாவற்றையும் சேர்த்து எழுதிப் பார்ப்போம். இது நான் உண்மையிலேயே சொல்ல விரும்புகிற ஒன்று:

"'ஸ்லோ ஹார்சஸ்', ஆங்கில சீரிஸ், 2022-இல் தொடங்கியது, சீசனுக்கு ஆறே எபிசோட். பிரிட்டிஷ் உளவுத்துறையில் பெரிய தவறு செய்தவர்களை வேலையை விட்டு நீக்காமல், பாழடைந்த ஒரு அலுவலகத்தில் பயனில்லாத வேலை கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள், அவர்களாகவே சலித்துப்போய் ராஜினாமா செய்யட்டும் என்று. அவர்கள் கண்ணில் ஒரு உண்மையான வழக்கு படுகிறது. எனக்குப் பிடித்தது, ஒதுக்கப்பட்ட இந்தக் கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் வைக்கிற, ஒருபோதும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளாத அக்கறை. கேரி ஓல்ட்மேன் அழுக்குச் சட்டையும் கெட்ட வாயுமாக அவர்களுடைய தலைவராக வருகிறார், அவர் பேச ஆரம்பித்தால் கண்ணை எடுக்க முடியாது. கெட்ட வார்த்தைகள் ஏராளம், ரத்தம் உண்டு, முதல் சீசனில் கடத்தப்பட்ட ஒரு இளைஞனை மிரட்டும் காட்சிகள் கடுமையானவை. பளபளப்பான உளவாளி சாகசம் வேண்டும் என்பவருக்கு ஒத்துவராது. துரத்தல் காட்சிகளில் சில கொஞ்சம் நீளம் என்று எனக்குப் பட்டது. மிக் ஹெரன் எழுதிய நாவல்களிலிருந்து எடுத்தது, முதல் நாவல் 2010-இல் வந்தது, ஒரு சீசனுக்கு ஏறத்தாழ ஒரு நாவல். முதல் சீசனிலிருந்தே தொடங்குங்கள், இரண்டு எபிசோடில் உங்களுக்கானதா என்று தெரிந்துவிடும்."

இவ்வளவுதான். படிக்க ஒரு நிமிடம் ஆகும், எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது, அதில் பாதி நேரம் எதைச் சொல்லாமல் விடுவது என்று யோசித்ததுதான். ஒரே மூச்சில் பத்துப் பெயர்களை அடுக்குவதைவிட இப்படி ஒன்றே ஒன்று எழுதுங்கள், பத்து பெயர் உள்ள பட்டியலிலிருந்து ஒன்றையும் எடுக்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

எட்டாவது படி: சொன்ன பிறகு

சும்மா இருங்கள். "பார்த்தாச்சா?" என்று வாராவாரம் கேட்டால் அது அவருக்குப் பாடமாக மாறிவிடும். பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தால் இன்னும் கவனம், "எதுவரைக்கும் வந்திருக்கீங்க" என்று கேட்டுவிட்டு அதுவரைக்கும் மட்டும் பேசுங்கள், அவர் தப்பாக ஊகித்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். அந்தத் தப்பான ஊகங்களைக் கேட்பது, ஏற்கெனவே படித்து முடித்தவருக்குக் கிடைக்கிற அருமையான பரிசு.

பிடிக்கவில்லை என்று சொன்னால் வாதாட வேண்டாம். எந்த இடத்தில் விட்டீர்கள் என்று கேட்டு, பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பரிந்துரை சரியாக அமையப் போவது அந்தப் பதிலால்தான். நான் கொடுத்த நாவலை அறுபதாவது பக்கத்தில் விட்ட நண்பர் ஒருவர், "எல்லோரும் ரொம்ப யோசிக்கிறாங்க, யாரும் எதுவும் செய்ய மாட்டேங்கிறாங்க" என்றார். ஆறு மாதம் கழித்து, முதல் பக்கத்திலேயே ஒருத்தி ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிற ஒரு நாவலைப் படித்தபோது அவர் நினைவுதான் வந்தது. கொடுத்தேன், மூன்றே நாளில் முடித்துவிட்டு அடுத்த பாகம் இருக்கிறதா என்று கேட்டார்.

அவர் பதிலுக்கு ஒன்றைச் சொல்வார். அதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும், உங்கள் வகை இல்லாவிட்டாலும் குறைந்தது இரண்டு எபிசோட் அல்லது ஐம்பது பக்கம். பார்த்துவிட்டு, எந்தக் காட்சி உங்களை நிறுத்தியது என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.